25 வரிக் கேள்வித்தாளும் 650 வெள்ளி மையமும்

மையத்தின் பெயரைக் கேட்டு யாரும் தனியாக மெசேஜ் அனுப்ப வேண்டாம், சொல்லப் போவதில்லை. குறை சொல்கிற இடத்தில் பெயர் போட்டால் நாளைக்கு அது வேறு தலைவலியாகிவிடும், தவிர அங்கே என் மகனைப் பார்த்த பெண்மேல் எனக்குக் கோபமே இல்லை. பினாங்குத் தீவுப் பக்கம், கடைவீட்டின் முதல் மாடி, கீழே மூக்குக்கண்ணாடிக் கடை. இவ்வளவு போதும். நான் எழுத வந்தது இரண்டு பொருளைப் பற்றி: ஒன்று பிள்ளைகளின் மனநலம் பார்க்கிற அந்தத் தனியார் மையம், இன்னொன்று அங்கே எங்கள் கையில் கொடுத்த ஒரு பாரம், அதாவது டிக் போட்டு நிரப்புகிற கேள்வித்தாள். மையத்துக்கு மூன்று நட்சத்திரம், பாரத்துக்கு நாலரை. இரண்டில் விலை இல்லாதது எது என்று கேட்டால், பாரம்தான்.

என் மூத்தவனுக்குப் பதின்மூன்று வயது, படிவம் ஒன்று, அதாவது இடைநிலைப்பள்ளியில் முதல் வருஷம். ஆறு வருஷம் தமிழ்ப்பள்ளியில் பத்தொன்பது பேர் வகுப்பில் படித்தவன், இப்போது முப்பத்தாறு பேர் வகுப்பில் எல்லாப் பாடமும் மலாயில் படிக்கிறான். கூடப் படித்தவர்களில் இரண்டு பேர் வேறு பள்ளி, ஒருவன் ஜொகூருக்கே போய்விட்டான். பள்ளி திறந்து இரண்டாவது மாதத்தில் ஆரம்பித்தது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குள் போனால் வர மாட்டான். கிளினிக்கில் பார்த்தால் ஒன்றுமில்லை, வாயுவுக்கு மருந்தும் ஒருநாள் எம்சியும் (மருத்துவ விடுப்பு). பத்து மணிக்கெல்லாம் நன்றாக இருப்பான், மெகி கேட்பான். அப்போ நான் என்ன நினைப்பேன்? படம் காட்டுகிறான் என்றுதான் நினைத்தேன். அதோடு பொய். வீட்டுப்பாடம் முடிந்தது என்பான், புத்தகப் பையைத் திறந்தால் வெள்ளைத் தாள். கேட்டால் கதவை அறைவான், ஒரு நாள் அறைந்ததில் தாழ்ப்பாளே கழன்று விழுந்தது. அவன் அப்பா "வயசு அப்படி, விடு" என்றார். என் அம்மா கண் பட்டிருக்கு என்று முனீஸ்வரர் கோவிலில் கயிறு கட்டி வரச் சொன்னார். அதையும் செய்தோம். கயிறு இன்னும் கையில் இருக்கிறது, கழற்றச் சொல்ல எனக்கும் மனசு வரவில்லை.

மையத்துக்குப் போன கதைக்கு வருகிறேன். போன் எடுத்த பெண் நல்ல மரியாதை, அதில் குறை இல்லை. மூன்று வாரத்தில் நேரம் கிடைத்தது. பிறையிலிருந்து பாலத்தைத் தாண்டி, சனிக்கிழமைக் காலை நெரிசலில் ஊர்ந்து, காடி நிறுத்த இடம் தேடி இருபது நிமிஷம் சுற்றி (இதற்கே அரை நட்சத்திரம் குறைக்கலாம், ஆனால் அது தீவின் குற்றம்), மாடி ஏறினால் "மதிப்பீட்டுத் தொகுப்பு" என்று ஒரு விலைப்பட்டியல். 650 வெள்ளி. அதற்குள் முதல் சந்திப்பு, அவனோடு தனியாக ஒரு மணி நேரம், எங்களோடு ஒரு மணி நேரம், எழுத்தில் ஓர் அறிக்கை. அப்புறம் ரசீதில் ஒரு வரி: கேள்வித்தாள் 80 வெள்ளி. அந்த 80-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

அந்தக் கேள்வித்தாளின் பெயர் எஸ்டிகியூ. பலங்களும் சிரமங்களும் பற்றிய கேள்வித்தாள் என்று அர்த்தம். ராபர்ட் குட்மன் என்ற லண்டன் மனநல மருத்துவர் 1997-இல் வெளியிட்டது. மொத்தம் 25 வரி, கடந்த ஆறு மாதத்தில் பிள்ளை எப்படி இருந்தான் என்று யோசித்து ஒவ்வொரு வரிக்கும் மூன்று பெட்டியில் ஒன்றில் டிக் போட வேண்டும்: இல்லை, ஓரளவு, நிச்சயமாக என்கிற பொருளில். ஐந்து ஐந்து வரியாக ஐந்து கட்டு. மனக்கலக்கம், நடத்தை, துறுதுறுப்பும் கவனமின்மையும், கூட்டாளிகளோடு சிக்கல், ஐந்தாவது மற்றவர்களிடம் அன்பாக நடந்துகொள்வது. கடைசிக் கட்டைத் தவிர மற்ற நான்கையும் கூட்டினால் 0-இலிருந்து 40-க்குள் ஓர் எண் வரும்.

நான் தொழிற்சாலையில் கியூசி, பொருளின் தரம் பார்க்கிற வேலை. பதினாறு வருஷமாகப் பட்டியல் வைத்து டிக் போடுவதுதான் என் பிழைப்பு. அதனால் ஒரு பாரம் நல்ல பாரமா இல்லையா என்று கொஞ்சம் தெரியும். இதில் எனக்கு முதலில் பிடித்தது முதல் வரியே குறையைக் கேட்கவில்லை. மற்றவர்கள் மனசை மதித்து நடப்பானா என்று கேட்கிறது. நான்காவது வரி தன் பொருளைப் பிறரோடு பகிர்ந்துகொள்வானா என்கிறது. தங்கச்சிக்குப் பாதி மெகியை வைத்துவிட்டுத்தான் அவன் சாப்பிடுவான், நிச்சயமாக என்று டிக் போட்டேன். இரண்டு மாதமாக அவனைப் பற்றி நான் வாயில் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுவாகத்தான் இருக்கும், அதுவும் ஒரு காகிதத்தில். சில வரிகள் தலைகீழாக எண்ணப்படும், "பொதுவாகச் சொன்னபடி கேட்பான்" என்பது போன்றவை. அதனால் கண்ணை மூடிக்கொண்டு ஒரே பக்கமாக டிக் போட்டு ஏமாற்ற முடியாது. எங்கள் லைனிலும் இப்படி ஒரு ஏற்பாடு வேண்டும், சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும்.

முக்கியமான விஷயம், இந்தப் பாரம் எண்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது. நான் தமிழில் நிரப்பினேன். வகுப்பாசிரியை மலாயில் நிரப்பி உறையில் ஒட்டிக் கொடுத்தார். பதினொரு வயதுக்கு மேல் என்றால் பிள்ளையே தனக்கு நிரப்பிக்கொள்கிற வடிவம் தனியாக உண்டு, அவன் அதையும் மலாயில் கேட்டு வாங்கினான். தமிழில் கொடுக்கச் சொன்னேன், வேண்டாம் என்றான். எனக்கு அப்போது சுருக்கென்றது. பிறகுதான் புரிந்தது, நான் எட்டிப் பார்த்தால் சட்டென்று படித்துவிட முடியாத மொழியை எடுத்திருக்கிறான்.

இரண்டாவது சந்திப்பில் என் மகனைப் பார்த்த பெண், கிளினிகல் சைக்காலஜிஸ்ட் (உளவியல் நிபுணர்), முப்பதுகூட இருக்காது, மூன்று தாளையும் மேசையில் வரிசையாக வைத்தார். நான் டாக்டர் டாக்டர் என்று கூப்பிட, "டாக்டர் இல்ல அக்கா, பேர் சொல்லியே கூப்பிடுங்க" என்று இரண்டு முறை திருத்தினார். எண்களைப் படித்துக் காட்டினார். நான் போட்டதில் மொத்தம் 14, அதில் நடத்தைக்கு மட்டும் 5, மனக்கலக்கத்துக்கு 1. ஆசிரியை போட்டதில் மொத்தமே 6, அமைதியான பையன், தொல்லை இல்லை. அவனே போட்டதில் 21, அதில் மனக்கலக்கத்துக்கு மட்டும் பத்துக்கு 8.

நான் கியூசி பாஷையில் யோசித்தேன். மூன்று பேர் ஒரே பொருளைப் பார்த்து மூன்று மதிப்பெண் போட்டால் ஒன்று அளவுகோலில் கோளாறு, இல்லை ஆளில் கோளாறு. அதையே வாய்விட்டும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "மூணாவது வரிய மட்டும் பாருங்க அக்கா" என்றார்.

மூன்றாவது வரி அடிக்கடி தலைவலி, வயிற்று வலி, உடம்பு சரியில்லை என்று சொல்கிறானா என்பது. நான் "இல்லை" போட்டிருந்தேன். அவன் சொல்லாமல் இல்லை, நான்தான் அதை வலி என்று எண்ணவில்லை. ஆசிரியையும் "இல்லை", அவர் வகுப்பில் அவன் வாயே திறப்பதில்லை. அவன் தாளில் மூன்றாவது பெட்டியில் டிக். பேனாவை எவ்வளவு அழுத்தியிருக்கிறான் என்றால் தாளைத் திருப்பினால் பின்பக்கம் விரலில் தட்டுப்பட்டது.

"நடிக்கிறான்னு நெனச்சேன்" என்றேன்.

"வலிக்குது அக்கா, அவனுக்கு நெஜமாவே வலிக்குது. டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னா நோய் இல்லன்னுதான் அர்த்தம், வலி இல்லன்னு இல்ல."

இதற்கு நான் 650 கொடுத்தேன் என்றால் அது செல்லும், மிச்சத்தைப் பற்றித்தான் புலம்பப் போகிறேன்.

ஆனால் அதற்கு முன், மூன்று பேர் மூன்று எண் போடுவது ஏன் கோளாறு இல்லை என்பதை நைட் ஷிப்ட் ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து படித்தேன், அதைச் சொல்லாமல் விட மனசில்லை. தாமஸ் ஆக்கன்பாக் என்பவரும் கூட இரண்டு பேரும் 1987-இல் 119 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் நடத்தை, மனநிலை பற்றி வெவ்வேறு ஆட்கள் சொல்வது எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதுதான் கேள்வி. முழுதாக ஒத்துப்போனால் 1, ஒட்டே இல்லையென்றால் 0. ஒரே இடத்தில் பிள்ளையைப் பார்க்கிற இரண்டு பேர், அதாவது அம்மா அப்பா மாதிரி, அவர்களுக்குள் 0.60. அம்மாவும் ஆசிரியரும் மாதிரி வேறு வேறு இடத்தில் பார்ப்பவர்களுக்குள் 0.28. பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வதற்கும் மற்றவர்கள் சொல்வதற்கும் 0.22. எங்கள் தொழிற்சாலையில் இப்படி ஒரு எண் வந்தால் அன்றைக்கே லைனை நிறுத்திவிடுவார்கள். இங்கே அப்படி இல்லை, ஸ்க்ரூ எங்கே வைத்தாலும் ஸ்க்ரூதான், பிள்ளை வீட்டில் ஒரு ஆள், வகுப்பில் ஒரு ஆள், கழிவறைக் கதவுக்குப் பின்னால் இன்னொரு ஆள். ஒத்துப்போகாத இடத்தில்தான் விஷயமே இருக்கிறது.

இதைவிடப் பழைய கதை ஒன்று. மைக்கேல் ரட்டர் என்பவர் 1964, 65-இல் இங்கிலாந்தின் வைட் தீவில் பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகள் அத்தனை பேரையும் எடுத்து, பெற்றோருக்கு ஒரு பாரம், ஆசிரியருக்கு ஒரு பாரம் என்று நிரப்ப வைத்தார். நம்ம ஊர் மாதிரித் தீவு, யாரையும் விட்டுவிடாமல் எண்ணலாம். குட்மனின் 25 வரிக்குத் தாத்தா அந்தப் பாரங்கள்தான். அதே பிள்ளைகளைப் பதினாலு பதினைந்து வயதில் மறுபடி போய்ப் பார்த்தபோது, மனசுக்குள் துக்கமாக இருக்கிறது, தாழ்வாகத் தோன்றுகிறது என்று நேரில் கேட்டால் சொன்ன பிள்ளைகள் பலர், அவர்களுடைய பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் அது தெரியவே இல்லை. அறுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு தீவு, இன்றைக்கு ஒரு பாலம் தாண்டி இன்னொரு தீவு, நான் இன்னும் "இல்லை" என்று டிக் போட்டுக்கொண்டு இருக்கிறேன்.

நம் நாட்டுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன், சும்மா வெள்ளைக்காரன் கதை என்று யாராவது கீழே எழுதுவதற்கு முன்னால். மலேசியாவின் தேசிய சுகாதார ஆய்வில் 2019-இல் ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளில் 7.9 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாக வந்தது, அதற்கும் இதே எஸ்டிகியூதான் அளவுகோல். 2023 ஆய்வில் அது 16.5 விழுக்காடு, ஆறு பேரில் ஒருவர். மகன் வகுப்பில் முப்பத்தாறு பேர் என்றேனே, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பாரத்துக்கு ஏன் முழு ஐந்து இல்லை? ஒன்று, அது சலிக்கிற சல்லடை, நோய் இன்னது என்று சொல்கிற கருவி இல்லை. பிரிட்டனில் சுமார் 8,000 பிள்ளைகளிடம் சோதித்து 2000-இல் வெளியான ஆய்வில், மூன்று பேர் பாரத்தையும் சேர்த்துப் பார்த்தே உண்மையில் சிக்கல் இருந்த நூறு பேரில் 63 பேரைத்தான் பிடித்தது. ஒரே ஆள் பாரம் மட்டும் என்றால் இன்னும் குறைவு. என் தாளை மட்டும் வைத்திருந்தால் அவன் "அடங்காத பையன், லேசான கேஸ்" என்று வெளியே வந்திருப்பான், அவன் அப்பா சந்தோஷப்பட்டிருப்பார். இரண்டு, தூக்கம், சாப்பாடு, கைப்பேசி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, இவை பற்றி ஒரு வரியும் கிடையாது. எண் குறைவாக வந்துவிட்டது என்று நிம்மதியாகப் படுத்துவிடக் கூடாது. பிள்ளை சாகிறேன் என்கிற மாதிரிப் பேசினால் பாரமெல்லாம் நிரப்பிக்கொண்டிருக்க வேண்டாம், அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555.

இப்போது மையம். அந்த 80 வெள்ளி. இந்தப் பாரம் காகிதத்தில், லாப நோக்கமில்லாமல் பயன்படுத்துவோருக்கு இலவசம், இணையத்தில் தமிழ், மலாய், சீனம் எல்லாம் இறக்கிக்கொள்ளலாம், வார்த்தையை மாற்றக்கூடாது என்பது ஒரு நிபந்தனை. இலவசமாகக் கிடைக்கிற தாளுக்குத் தனி வரி போட்டு 80 வாங்குவது எந்த ஊர் நியாயம்? கணக்கிட்டுப் படித்துச் சொல்வதற்கான கூலி என்று முகப்பில் விளக்கம் சொன்னார்கள். சரி, அப்படியென்றால் கூலி என்று எழுதுங்கள். ஒத்துக்கொள்கிறேன், எண்ணைக் கூட்டுவது பத்து நிமிஷ வேலை, அதை ஓர் அம்மா முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்பது பல வருஷப் படிப்பு.

அடுத்து அறிக்கை. நான்கு வாரம் கழித்து வந்தது. பதினொரு பக்கம், நல்ல வழவழப்பான தாள், ஆங்கிலம். முதல் இரண்டு பக்கம் மையத்தின் பெருமை. ஆறாம் பக்கத்தில் என் மகன் மகளாகிவிட்டான். எட்டாம் பக்கத்தில் "பாலர் பள்ளி ஆசிரியையோடு கலந்து பேசவும்" என்று பரிந்துரை. பதின்மூன்று வயதுப் பையனுக்கு! வேறொரு பிள்ளையின் அறிக்கையின்மேல் இவன் பெயரைப் போட்டிருக்கிறார்கள், அது அப்பட்டமாகத் தெரிகிறது. எனக்கு அதில் இரண்டு கவலை. ஒன்று, இதை எப்படிப் பள்ளிக்கூடத்தில் கொடுப்பது. இன்னொன்று, என் மகனைப் பற்றிய வரி எந்தப் பிள்ளையின் அறிக்கையில் ஒட்டிக்கொண்டு எந்த வீட்டுக்குப் போயிருக்கிறது. போன் செய்தேன், ஒரு வாரத்தில் திருத்தித் தருகிறோம் என்றார்கள்.

பிறகு நடந்த ஆறு அமர்வு பற்றி அதிகம் எழுத மாட்டேன், அது அவன் விஷயம். ஒன்று மட்டும். நான் சத்தம் போட, அவன் கதவை அறைய, நான் "எப்படியோ போ" என்று விட, அவனுக்குக் கதவை அறைந்தால் திட்டு நிற்கும் என்று பாடம், எனக்கு அடுத்த முறை இன்னும் உரக்கக் கத்தினால்தான் கேட்பான் என்று பாடம். அமெரிக்காவில் ஜெரால்ட் பேட்டர்சன் என்பவர் வீடு வீடாக ஆள் அனுப்பி உட்கார வைத்து இந்த மாதிரிச் சண்டைகளை எண்ணி எண்ணிக் கண்டுபிடித்த விஷயமாம். எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஆளே உட்கார வேண்டாம், பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். வயிற்று வலியின் வேர் திங்கட்கிழமை முதல் பாடம். மலாயில் எழுந்து நின்று உரக்கப் படிக்க வேண்டும், இவன் உச்சரிப்பைப் பின்னால் இருந்து யாரோ திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்கள். அதற்குப் படிப்படியாக ஏறச் சொல்லிக் கொடுத்தார் அந்தப் பெண்: முதலில் தங்கச்சிக்குப் படித்துக் காட்டு, அப்புறம் மலாய் அதிகம் புரியாத பாட்டிக்கு, அப்புறம் கைப்பேசியில் பதிவு செய்து நீயே கேள், அப்புறம் ஆசிரியையிடம் தனியாக, கடைசியில் வகுப்பில். பாட்டி ஒவ்வொரு பத்திக்கும் கை தட்டினார்.

காசு இல்லாதவர்களுக்கு, இருந்தும் யோசிப்பவர்களுக்கு: எல்லா இடைநிலைப்பள்ளியிலும் ஆலோசக ஆசிரியர் இருக்கிறார், நான் அந்தக் கதவைத் தட்டவே இல்லை, தட்டியிருக்க வேண்டும். அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி, கடிதம் வாங்கி, அரசு மருத்துவமனை நிபுணரிடம் போனால் கட்டணம் மிகக் குறைவு. காத்திருப்பு நீளும், ஆனால் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கலாம். தனியாரிடம் போவதானால் பதிவு எண் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். கிளினிகல் சைக்காலஜிஸ்டுகளுக்கு 2016-ஆம் ஆண்டின் 774-ஆம் சட்டம், ஆலோசகர்களுக்கு 1998-ஆம் ஆண்டுச் சட்டம். சுவரில் மாட்டியிருக்கிற வாரக் கடைசிப் பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் அந்தப் பதிவு ஆகாது.

போன வாரம் மறுபடி பாரம். தொடர்பார்வைக்கு என்று இன்னொரு வடிவம் இருக்கிறது, அதில் ஆறு மாதத்துக்குப் பதிலாகக் கடந்த ஒரு மாதத்தைத்தான் கேட்பார்கள், வந்து போனதில் உபயோகம் உண்டா என்றும் ஒரு கேள்வி. அவன் மனக்கலக்க எண் 8-இலிருந்து 5-க்கு இறங்கியிருக்கிறது. நான் அவனுக்குப் போட்ட மனக்கலக்க எண் 1-இலிருந்து 4-க்கு ஏறியிருக்கிறது. அவனுக்கு மோசமாகிவிட்டதா என்று பயந்து கேட்டேன். "இல்ல அக்கா, நீங்க இப்பத்தான் பார்க்க ஆரம்பிச்சிருக்கீங்க" என்றார். திரும்பி வரும்போது பாலத்தில் நெரிசல், அவன் முன் இருக்கையில் உட்கார்ந்து ரேடியோ சேனலை மாற்றிக்கொண்டே வந்தான், "நீங்க மூணாவது வரிக்கு என்னாமா போட்டீங்க?" என்று கேட்டான். சொன்னேன். ம் என்றான்.

திருத்திய அறிக்கை இதை எழுதும்வரை வரவில்லை. அவர்கள் கோப்பில் எனக்கு இன்னும் மகள்தான், பாலர் பள்ளி போகிறாள்.